கல்லூரி விடுதியும் ஃப்ளூ காய்ச்சலும்: மழைக்காலத்தில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் ஒரு கல்லூரியின் விடுதி நிர்வாகத்தில் இருக்கிறேன். மருத்துவர் இல்லை. ஐப்பசி மழை பிடித்ததும் மாணவர்கள், பெற்றோர், மெஸ் ஆட்கள், பக்கத்துக் கல்லூரி வார்டன்கள் என்று ஆளாளுக்கு ஒரே சந்தேகத்தைத்தான் வேறு வேறு விதமாகக் கேட்கிறார்கள். வாட்ஸ்அப்பில் தட்டித் தட்டி அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் இங்கே போட்டு வைக்கிறேன். கேள்விகளை அவரவர் பேசிய மாதிரியே விட்டிருக்கிறேன். மருந்து, அளவு எல்லாம் மருத்துவர் சொல்வதுதான் கணக்கு. நான் சொல்வது வளாகத்தைத் தயார் செய்கிற வேலை மட்டும்.

1. சாதாரண சளிக்கும் ஃப்ளூவுக்கும் என்ன சார் வித்தியாசம்? ரெண்டுலயும் மூக்குதானே ஒழுகுது?

சளி மெதுவாக வரும். இன்றைக்குத் தொண்டை கரகரப்பு, நாளைக்குத் தும்மல், அப்புறம் மூக்கடைப்பு என்று. ஃப்ளூ அப்படி இல்லை. காலையில் வாலிபால் ஆடியவன் சாயங்காலம் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருப்பான். நல்ல காய்ச்சல், குளிர் நடுக்கம், தலைவலி, உடம்பெல்லாம் அடித்துப் போட்ட வலி, வறட்டு இருமல், எழுந்து நிற்க முடியாத அசதி. மூக்கு ஒழுகலாம், ஒழுகாமலும் இருக்கலாம்.

நாங்கள் வைத்திருக்கும் கோடு ஒன்றுதான்: 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காய்ச்சல், கூடவே இருமலோ தொண்டை வலியோ. இது இருந்தால் ஃப்ளூ என்றே வைத்துக்கொண்டு வேலையை ஆரம்பிப்போம். பெயர் அப்புறம் தெரிந்தால் போதும்.

2. இது பன்றிக் காய்ச்சலா? பேரைக் கேட்டாலே வீட்டுல அழுவுறாங்க.

2009இல் உலகம் முழுக்கப் பரவிய எச்1என்1 வைரஸைத்தான் அப்போது பன்றிக் காய்ச்சல் என்றார்கள். அந்தத் தொற்று அலை 2010 ஆகஸ்டில் முடிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. வைரஸ் எங்கும் போய்விடவில்லை, வருஷா வருஷம் வருகிற சாதாரண ஃப்ளூ வகைகளில் ஒன்றாகிவிட்டது. எச்3என்2 இன்னொன்று, பி வகை மற்றொன்று. 2023 மார்ச்சில் செய்திகளில் அடிபட்டது எச்3என்2.

எந்த வகை என்றாலும் விடுதியில் செய்ய வேண்டியது ஒன்றேதான். வீட்டுக்குப் போன் செய்யும்போது "பன்றி" என்ற வார்த்தையை விட்டுவிடுங்கள், பாதி அழுகை குறையும்.

3. நாங்க இளசுங்க, எங்களுக்கு என்ன ஆகிடப் போகுது?

பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. மூன்று நான்கு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும், ஒரு வாரத்தில் எழுந்துவிடுவீர்கள். ஆனால் இளவயது என்பது எழுதிக் கொடுத்த உத்தரவாதம் இல்லை. 1918இல் வந்த ஃப்ளூ உலகம் முழுக்க இருபதிலிருந்து நாற்பது வயதுக்காரர்களைத்தான் அதிகமாக வாரிக்கொண்டு போனது, இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் செத்தார்கள் என்று கணக்கு. 2009லும் வழக்கத்தைவிட இளவயதினர்தான் கூடுதலாகப் பாதிக்கப்பட்டார்கள்.

இன்னொன்று, வளாகத்தில் நீங்கள் மட்டுமா இருக்கிறீர்கள்? மெஸ்ஸில் தோசை ஊற்றும் அக்காவுக்குச் சர்க்கரை இருக்கலாம். இரவுக் காவலர் தாத்தாவுக்கு அறுபத்தைந்து தாண்டியிருக்கலாம். வகுப்பெடுக்கும் மேடம் ஆறு மாதக் கர்ப்பிணியாக இருக்கலாம். உங்கள் வகுப்பிலேயே இன்ஹேலர் வைத்திருக்கிறவர் உண்டு. உங்களுக்கு நாலு நாள் படுக்கையாக முடிவது அவர்களுக்கு ஐசியூவாக ஆகலாம்.

4. எத்தனை நாள் அடுத்தவங்களுக்குப் பரவும்?

வைரஸ் உள்ளே போய் ஒன்றிலிருந்து நான்கு நாளுக்குள், பெரும்பாலும் இரண்டாம் நாள், காய்ச்சல் தொடங்கும். தொடங்குவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே அவர் பரப்ப ஆரம்பித்திருப்பார். தொடங்கிய பிறகு ஐந்திலிருந்து ஏழு நாள் வரை பரவலாம், முதல் மூன்று நாள்தான் உச்சம்.

நடைமுறைக்கு நாங்கள் வைத்திருக்கும் விதி: மாத்திரை போடாமலேயே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்து, மற்ற தொந்தரவுகளும் குறைந்திருந்தால் தனி அறையை விட்டு வரலாம். வந்த பிறகும் நாலைந்து நாள் முகக்கவசம். "மாத்திரை போடாமலேயே" என்பதை எல்லோரும் வசதியாக மறந்துவிடுகிறார்கள். பாராசிட்டமால் போட்ட இரண்டாவது மணி நேரத்தில் தெர்மாமீட்டரைக் காட்டி "பாருங்க சார், 98" என்று வந்து நிற்பவர்கள் ஒவ்வொரு வருஷமும் உண்டு.

5. ஒரு ஊசி போட்டு, ஒரு டிரிப் ஏத்திக்கிட்டா நாளைக்கே கிளாஸுக்கு வந்துடலாம்ல?

முடியாது. ஊசியில் இருப்பது பெரும்பாலும் காய்ச்சலையும் வலியையும் இறக்கும் மருந்து. டிரிப்பில் ஓடுவது உப்பும் சர்க்கரையும் கலந்த நீர், வாயால் குடிக்க முடிகிறவருக்கு அது தேவையே இல்லை. இரண்டும் வைரஸைத் தொடாது. கொஞ்ச நேரம் தெம்பாக இருக்கும், அந்தத் தெம்பில் வகுப்புக்கு வந்து முன்பெஞ்சு பின்பெஞ்சு எல்லோருக்கும் கொடுத்துவிட்டுப் போவீர்கள்.

மெடிக்கல் ஷாப்பில் "காய்ச்சலுக்கு ஒரு செட்" என்று வாங்கி விழுங்குவதும் அப்படித்தான். அந்தச் செட்டில் ஒரு ஆன்டிபயாட்டிக் கட்டாயம் இருக்கும். அது பாக்டீரியாவுக்கான மருந்து, ஃப்ளூவுக்கு ஒன்றும் செய்யாது.

6. காய்ச்சல்னு சொன்னா அட்டெண்டன்ஸ் போயிடும், இன்டர்னல் போயிடும். அதான் டோலோ போட்டுட்டு வந்துடறேன். தப்பா?

தப்பு உங்களுடையது மட்டும் இல்லை, கல்லூரியுடையதும்தான். எல்லாக் கேள்விகளிலும் நான் அதிகம் யோசித்தது இதைத்தான். எத்தனை சானிடைசர் ஸ்டாண்டு வைத்தாலும், முதல் நாள் காய்ச்சலை மறைக்க ஒரு மாணவனுக்குக் காரணம் இருக்கிறவரை அந்த வளாகம் தயாராகவில்லை. பரவல் உச்சத்தில் இருக்கும் மூன்று நாளும் அவன் வகுப்பிலும் மெஸ்ஸிலும் லேபிலும் இருப்பான். நான்காம் நாள் முடியாமல் விழுந்த பிறகு அறை கொடுத்து என்ன பயன்?

பெரும்பாலான படிப்புகளில் 75 சதவீத வருகை கேட்கிறார்கள். பல்கலைக்கழக விதியைக் கல்லூரி மாற்ற முடியாது, ஆனால் விதிக்குள்ளேயே செய்ய முடிகிறது நிறைய இருக்கிறது. ஜூனில், காய்ச்சல் எதுவும் இல்லாத நேரத்தில், துறைத்தலைவர்களை உட்காரவைத்து ஒரு சர்க்குலர் போட்டுவிடுங்கள்: விடுதி நோட்டில் காய்ச்சல் என்று பதிவான நாட்கள் எப்படிக் கணக்கிடப்படும், தவறிய இன்டர்னலுக்கு மறுதேர்வு எப்போது, மருத்துவச் சான்று எத்தனையாவது நாளிலிருந்து தேவை. முதல் நாளுக்கே சான்று கேட்காதீர்கள். கேட்டால் காய்ச்சலோடு பஸ் ஏறி கிளினிக் வரிசையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருவான், அங்கேயும் நாலு பேருக்குக் கொடுத்திருப்பான்.

பொய் சொல்லி லீவு எடுக்க மாட்டார்களா என்று எல்லாக் கூட்டத்திலும் ஒரு பேராசிரியர் கேட்பார். எடுப்பார்கள், இரண்டு மூன்று பேர். தெர்மாமீட்டர் காலை மாலை வைக்கிறோம், தனி அறையில் செல்போன் தவிர ஒன்றும் இல்லை, கஞ்சிதான் சாப்பாடு. நடிக்கிறவர்கள் மறுநாளே தானாகக் குணமாகிவிடுகிறார்கள்.

7. தனி அறைக்கு எங்க சார் போறது? எங்க ஹாஸ்டல்ல ஒரு ரூமுக்கு நாலு பேர்.

எல்லா விடுதியிலும் பழைய கட்டில், உடைந்த நாற்காலி, முந்தைய பேட்ச் விட்டுப் போன பெட்டி அடைத்த அறை ஒன்று இருக்கும். விருந்தினர் அறை, யோகா ஹால், தரைத்தளத்தில் பூட்டியே கிடக்கும் டியூஷன் அறை என்று தேடினால் கிடைக்கும். தேவை இவ்வளவுதான்: எதிரெதிராக ஜன்னல், பக்கத்தில் தனிக் கழிப்பறை, கதவு வரை வண்டி வர வழி. தரைத்தளமாக இருந்தால் நல்லது. மூச்சுத் திணறுகிறவரை மூன்றாவது மாடியிலிருந்து இறக்குவது பெரும் பாடு.

காய்ச்சல்காரர்கள் நாலைந்து பேரை ஒரே ஹாலில் போடலாம். கட்டிலுக்குக் கட்டில் குறைந்தது ஒரு மீட்டர், ஒருவர் தலை இந்தப் பக்கம் என்றால் அடுத்தவர் தலை அந்தப் பக்கம். ஃப்ளூ மாதிரித் தெரியாத காய்ச்சலை மட்டும் (11ஆம் கேள்வியைப் பாருங்கள்) இவர்களோடு கலக்காதீர்கள்.

அந்த அறை வாசலில் ஒரு நீளநோட்டு தொங்கும். கோடு போட்டு, பெயர், அறை எண், காய்ச்சல் தொடங்கிய நேரம், காலை வெப்பம், மாலை வெப்பம், என்ன மாத்திரை எப்போது, எத்தனை பாட்டில் தண்ணீர், சிறுநீர் போனாரா, வீட்டுக்குச் சொல்லியாச்சா. பால்பாயின்ட் பேனா நூலில் கட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் சாயங்காலத்துக்குள் காணாமல் போய்விடும். மருத்துவர் வந்தால் முதலில் கேட்பது இந்த நோட்டைத்தான். பார்த்துக்கொள்ள ஒரே ஆள், அவருக்கு முகக்கவசம், வெளியே வந்ததும் சோப்புப் போட்டு இருபது நொடி கைகழுவல். அவர் போன வருஷம் தடுப்பூசி போட்டவர், இந்த வருஷம் போடாதவர் என்றால் முதல் ஊசி அவருக்கு.

8. நான் ரூம்மேட். எனக்கும் வந்துடுமா? நானும் உள்ளேயே இருக்கணுமா?

வரலாம், வராமலும் போகலாம். உடம்பு நன்றாக இருந்தால் வகுப்புக்குப் போங்கள். 4ஆம் கேள்வியில் சொன்ன கணக்குப்படி நாலு நாள் முகக்கவசத்தோடு போங்கள், காலையில் எழுந்ததும் வெப்பம் பாருங்கள், லேசாக உடம்பு கனத்தாலே சொல்லிவிடுங்கள். உங்களுக்கு ஆஸ்துமா, இதயக் கோளாறு, சர்க்கரை ஏதாவது இருந்தால் இன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள், காய்ச்சல் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

9. எங்க ஹாஸ்டல் ஏற்காட்டுல. குளிர்ல ஜன்னலைத் திறந்தா இன்னும் சளி பிடிக்காதா?

குளிர் வைரஸைக் கொண்டுவருவதில்லை. குளிருக்குப் பயந்து எல்லோரும் ஒரே மூடிய அறையில் மூச்சுவிடுவதுதான் கொண்டுவருகிறது. மலையில் மார்கழியில் விடுதி அறைகளைப் பார்த்திருக்கிறேன். ஜன்னல் இடுக்கில் செய்தித்தாளை மடித்துச் செருகி, கதவடியில் பழைய லுங்கியைச் சுருட்டி வைத்து, உள்ளே ஆறு பேர். ஒருவன் இருமினால் காலையில் எல்லோரும் அந்தக் காற்றைத்தான் மூச்சிழுத்திருப்பார்கள். கண்ணாடி முழுக்க வியர்த்து நீர் வழியும், அந்த அறையில் காற்று மாறவே இல்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

ராத்திரி முழுக்கத் திறந்து வைக்கச் சொல்லவில்லை. எதிரெதிரான இரண்டு ஜன்னலில் மேல்பாகத்தை நாலு விரல் திறந்து வையுங்கள், தலைமாட்டில் அடிக்காது. எல்லோரும் வகுப்புக்குப் போனதும் அகலத் திறந்துவிடுங்கள். கூடுதல் கம்பளி வாங்கிக் கொடுப்பது விடுதியின் பொறுப்பு, அதை அக்டோபருக்கு முன் வாங்கிவிட வேண்டும்.

10. முதலுதவிப் பெட்டியில என்னென்ன வாங்கி வைக்கலாம்?

டிஜிட்டல் தெர்மாமீட்டர், நெற்றியில் காட்டும் துப்பாக்கி இல்லை, அக்குளில் வைப்பதே எனக்கு நம்பிக்கை. பல்ஸ் ஆக்ஸிமீட்டர் இரண்டு, பேட்டரியோடு. பாராசிட்டமால், ஓஆர்எஸ் பாக்கெட், மூன்றடுக்கு முகக்கவசம், சோப்பு, 60 சதவீதத்துக்குக் குறையாத ஆல்கஹால் உள்ள சானிடைசர், மூடியுள்ள குப்பைத்தொட்டி, பிளாஸ்க்.

வாங்கக் கூடாதது இன்னும் முக்கியம். ஆன்டிபயாட்டிக் வேண்டாம். ஆஸ்பிரின் வேண்டவே வேண்டாம், பதினெட்டு வயதுக்குள் இருப்பவர்களுக்கு வைரஸ் காய்ச்சலில் அது மூளையையும் கல்லீரலையும் தாக்கும் அபாயம் இருக்கிறது, முதலாமாண்டில் பாதிப் பேர் அந்த வயதுதான். இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் வகை வலி மாத்திரைகளும் வேண்டாம், ஏன் என்பது அடுத்த கேள்வியில்.

11. டெங்குவா ஃப்ளூவான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? ரெண்டும் ஒரே நேரத்துலதான வருது?

ஆமாம், வடகிழக்குப் பருவமழையில் இரண்டும் சேர்ந்தே வரும், அதுதான் சிக்கல். பொதுவாக ஃப்ளூவில் இருமலும் தொண்டை வலியும் முன்னால் நிற்கும். டெங்குவில் கண்ணுக்குப் பின்னால் வலி, மூட்டு வலி, வாந்தி, உடம்பில் சிவப்புத் தடிப்பு, இருமல் அதிகம் இருக்காது. ஆனால் அடையாளத்தை வைத்து நீங்களோ நானோ முடிவு செய்ய முடியாது. இருமல் இல்லாத காய்ச்சல் இரண்டாம் நாளும் இருந்தால் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பிவிடுங்கள். முதல் ஐந்து நாளுக்குள் என்எஸ்1 பரிசோதனையில் டெங்கு தெரிந்துவிடும்.

தெரியாதவரை பாராசிட்டமால் மட்டும். டெங்குவாக இருந்தால் ஆஸ்பிரினும் மற்ற வலி மாத்திரைகளும் ரத்தக்கசிவைக் கூட்டும். இன்னொரு எச்சரிக்கை: ஃப்ளூவில் காய்ச்சல் இறங்கினால் நிம்மதி, டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்து. அப்போது வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம் என்றால் உடனே ஆஸ்பத்திரி.

12. எப்போ ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடணும்?

மூச்சு வாங்கினால். நெஞ்சு வலித்தால். கூப்பிட்டால் மந்தமாகப் பதில் சொன்னால், குழறினால். சளியில் ரத்தம் தெரிந்தால். உதடோ நகமோ நீலம் பாரித்தால். எழுந்து நின்றதும் கண் இருட்டி விழுந்தால். இதில் ஒன்று போதும், இரண்டாவதுக்குக் காத்திருக்காதீர்கள். ஆக்ஸிமீட்டரில் 94க்குக் கீழே நின்றாலும் அப்படியே. இன்னொரு ஏமாற்று வகை உண்டு: காய்ச்சல் இறங்கி, தேறி, இரண்டு நாள் கழித்து மறுபடி காய்ச்சலும் மோசமான இருமலும் வரும். அது நிமோனியாவாக இருக்கலாம், நோட்டில் பெயரை அடித்துவிட்டோமே என்று விட்டுவிடாதீர்கள்.

ஏற்காட்டில் இருப்பவர்களுக்குத் தனியாக. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் நல்ல உடம்புக்காரருக்கே ஆக்ஸிஜன் அளவு ஓரிரு புள்ளி குறைத்துக் காட்டும். அதனால் பக்கத்தில் நன்றாக இருக்கும் ஒருவர் விரலிலும் மாட்டி ஒப்பிட்டுப் பாருங்கள். அதைவிட முக்கியம் நேரம். மலையில் அரசு மருத்துவமனை இருக்கிறது, ஆனால் தீவிர சிகிச்சை என்றால் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, அடிவாரம் கடந்து, சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ வேறு பெரிய ஆஸ்பத்திரிக்கோதான் வர வேண்டும். பனிமூட்டம் இறங்கிய இரவில் 108 வண்டியும் ஊர்ந்துதான் வரும். சேலத்தில் "இன்னும் ஒரு மணி நேரம் பார்க்கலாம்" என்று சொல்லக்கூடிய நிலையை மலையில் மதியமே முடிவு செய்துவிட வேண்டும். சந்தேகமாக இருந்தால் அரசின் மருத்துவ ஆலோசனை எண்ணான 104க்குப் போன் போட்டுக் கேட்கலாம், எந்த நேரமும்.

13. எல்லாருக்கும் டெஸ்ட் எடுத்துடலாமா சார், ஒரே முடிவா தெரிஞ்சுடும்ல?

வேண்டாம். லேசான காய்ச்சலுக்குப் பரிசோதனை தேவையில்லை என்பதுதான் மத்திய சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டுதல். அவர்கள் நோயாளிகளை ஏ, பி, சி என்று பிரிக்கிறார்கள். லேசான காய்ச்சல், இருமல் என்றால் ஏ, ஓய்வு போதும். கடும் காய்ச்சலும் தொண்டை வலியும், அல்லது ஏற்கெனவே வேறு நோய் இருப்பவர், கர்ப்பிணி, முதியவர் என்றால் பி, வைரஸ் மருந்து தேவையா என்று மருத்துவர் பார்ப்பார். மேலே சொன்ன ஆபத்து அறிகுறி இருந்தால் சி, அவருக்குத்தான் ஆஸ்பத்திரியும் தொண்டையில் எடுக்கும் ஆர்டி-பிசிஆர் பரிசோதனையும். முடிவு வருகிறவரை தனியாக இருக்கப் போவதும் கஞ்சி குடிக்கப் போவதும் மாறாது, பிறகு எதற்குக் காசு?

14. டாமிஃப்ளூ மொத்தமா வாங்கி ஸ்டாக் வெச்சுக்கட்டுமா?

மேலே சொன்ன வைரஸ் மருந்துதான் டாமிஃப்ளூ. ஓசல்டமிவிர் என்பது அதன் மருந்துப் பெயர், மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாது, விடுதிக்காரர் கையால் கொடுக்கவும் கூடாது. காய்ச்சல் தொடங்கி 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நல்ல பலன். பெரியவர்களுக்கு வழக்கமாக ஐந்து நாள், தினம் இரண்டு வேளை. அதனால் மருந்தைப் பதுக்குவதைவிட, 13ஆம் கேள்வியில் சொன்ன பி பிரிவில் வரக்கூடியவர்களின் பட்டியலை ஆரம்பத்திலேயே வைத்திருங்கள்: யாருக்கு ஆஸ்துமா, யாருக்குச் சிறுநீரகப் பிரச்சினை, எந்த ஊழியர் கர்ப்பம். சேர்க்கைப் படிவத்தில் ஒரு வரி போதும். அந்தப் பட்டியல் வார்டன் மேசையில் பூட்டி இருக்கட்டும், நோட்டீஸ் போர்டில் வேண்டாம்.

15. தடுப்பூசி யாருக்கு, எப்போ? எல்லாருக்கும் போடச் சொல்றீங்களா?

பணம் இருந்தால் எல்லோருக்கும் போடுங்கள் என்பேன். விலை குறைச்சல் இல்லை, வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால் வருஷா வருஷம் போட வேண்டும். அதனால் வரிசை போடலாம்: சமையல்காரர்கள், துப்புரவுப் பணியாளர்கள், வார்டன்கள், காவலர்கள், கர்ப்பிணிகள், நோய் உள்ளவர்கள், அறுபது தாண்டியவர்கள். இவர்கள் செலவைக் கல்லூரி ஏற்க வேண்டும், சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. மாணவர்கள் விருப்பப்பட்டால் பக்கத்து மருத்துவமனையோடு பேசி ஒரே நாளில் முகாம் வைத்தால் விலை குறையும்.

ஊசி வேலை செய்ய இரண்டு வாரம் ஆகும். நம் பக்கம் மழையோடு ஏறும் என்பதால் செப்டம்பருக்குள் முடித்துவிடுங்கள். முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும் இப்போது போட்டுக்கொள்ளலாம், போடும் இடத்தில் சொல்லிவிடுங்கள். நான்கு வகை வைரஸுக்கான பழைய ஊசி இல்லை, மூன்று வகைக்கானதுதான் இருக்கிறது என்றால் பயப்பட வேண்டாம். பி வகை வைரஸில் யமகட்டா என்ற கிளை 2020 மார்ச்சுக்குப் பிறகு எங்கும் உறுதியாகத் தென்படாததால் அதை ஊசியிலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டது உலக சுகாதார நிறுவனம்.

16. போன வருஷம் ஊசி போட்டும் எனக்குக் காய்ச்சல் வந்துச்சே?

வரும். பொருத்தம் நன்றாக அமைந்த வருஷத்தில் மருத்துவரைப் பார்க்கும் அளவு ஃப்ளூ வரும் வாய்ப்பை 40 முதல் 60 சதவீதம் குறைக்கிறது, அவ்வளவுதான். ஆனால் வந்தாலும் ஆஸ்பத்திரி வரை போவது குறைகிறது. ஊசியாலேயே ஃப்ளூ வந்தது என்பது மட்டும் பொய், அதில் இருப்பது செயலிழந்த வைரஸ். ஒரு நாள் கை வலியும் லேசான கணகணப்பும் இருக்கலாம்.

17. நிலவேம்பு, கபசுரக் குடிநீர் தினமும் குடுத்தா வராதுல்ல?

மெஸ் வாசலில் அண்டா வைத்துக் கொடுப்பதை நான் தடுப்பதில்லை, அரசு சித்த மருத்துவர் சொல்லும் அளவில் கொடுத்தால் சரி. அது ஃப்ளூ வராமல் தடுக்கும் என்று சொல்ல மாட்டேன், அதை நம்பித் தனி அறையைக் கைவிடுவதை ஒத்துக்கொள்ள மாட்டேன். அப்புறம், எல்லோரும் நெருக்கியடித்து வரிசையில் நின்று ஒரே டம்ளரில் குடிக்கும் ஏற்பாடாக இருந்தால், கசப்போடு காய்ச்சலையும் சேர்த்து விநியோகம் செய்கிறீர்கள்.

18. வளாகம் முழுக்க மருந்து அடிச்சு, புகை போட்டா போதாதா?

புகை கொசுவுக்கு. டெங்குவுக்கு உதவும், ஃப்ளூ வைரஸ் கொசுவில் இல்லை. மரத்துக்கும் சுவருக்கும் பிளீச்சிங் தெளிப்பது போட்டோவுக்கு நன்றாக இருக்கும். வைரஸ் இருப்பது மனிதன் மூச்சிலும், அவன் தொட்ட கதவுப் பிடியிலும். வழவழப்பான பரப்பில் ஒன்றிரண்டு நாள் கூட இருக்கும். அதனால் கைப்பிடி, சுவிட்ச், தண்ணீர்க் குழாய், லேப் கீபோர்டு, பஸ் கம்பி இவற்றைத் தினம் சோப்புத் தண்ணீரால் துடைத்தாலே போதும். அந்தக் காசில் கழிப்பறை எல்லாவற்றிலும் சோப்பு தீராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

19. மெஸ்ல என்ன மாத்தணும்?

பரிமாறுபவருக்கு இருமல் என்றால் அன்றைக்குச் சம்பளத்தோடு லீவு. 6ஆம் கேள்வியில் மாணவனுக்குச் சொன்னது இவருக்கும் பொருந்தும், தினக்கூலி போய்விடும் என்றால் அவரும் மறைப்பார். சாப்பாட்டு நேரத்தை இரண்டு மணி நேரமாக நீட்டி வகுப்பு வாரியாக வரச்சொல்லுங்கள். டம்ளரை அண்ணாந்து குடிக்கும் நம் பழக்கம் நல்லதுதான், ஆனால் பக்கத்தில் இருமுகிறவனிடமிருந்து அது காப்பாற்றாது.

தனி அறைக்குக் கஞ்சி, ரசம் சாதம், இட்லி, வெந்நீர், இளநீர். சாப்பாட்டைக் கதவருகே ஸ்டூலில் வைத்துவிட்டு வாருங்கள். சாப்பாடு பிடிக்காமல் சுவரேறி தட்டுவடை செட் சாப்பிடப் போனவர்கள் எங்களிடம் உண்டு. அந்த அனுபவத்துக்குப் பிறகு, தனி அறையில் மூன்றாம் நாள் கொஞ்சம் ஊறுகாயும் அப்பளமும் சேர்த்துவிடுகிறோம்.

20. நாமக்கல் பக்கத்துலயே இருக்கோம், கோழியும் முட்டையும் நிறுத்திடலாமா?

இந்தக் காய்ச்சல் கோழியிலிருந்து வரவில்லை, மனிதனிடமிருந்து வருகிறது. பறவைக் காய்ச்சல் வேறு வைரஸ், மனிதருக்கு வருவது அபூர்வம், செத்த அல்லது நோயுற்ற பறவையோடு நெருங்கிப் பழகுகிறவர்களுக்குத்தான் அபாயம். நன்றாக வேகவைத்த முட்டையிலும் கறியிலும் 70 டிகிரி செல்சியஸ் தாண்டினால் வைரஸ் பிழைக்காது. அரைவேக்காட்டை மட்டும் நிறுத்துங்கள். காய்ச்சல் தேறி வருகிறவனுக்கு மலிவாகப் புரதம் கிடைப்பதே முட்டையில்தான், அதைப் பிடுங்காதீர்கள்.

21. எங்க பையனை ஊருக்கு அனுப்பி வெச்சுடுங்க, நாங்க பாத்துக்கறோம்.

அம்மா கேட்பது நியாயம்தான். வீடு பக்கம், யாராவது காரிலோ பைக்கிலோ வந்து கூட்டிப்போக முடியும், வீட்டில் பாட்டியோ கைக்குழந்தையோ இல்லை என்றால் முதல் நாளே அனுப்புகிறோம். பஸ்ஸில் அனுப்ப மாட்டோம். காய்ச்சலோடு ஒருவன் புதிய பஸ் நிலையத்தில் ஏறி மூன்று மணி நேரம் உட்கார்ந்து போனால் அந்தப் பஸ்ஸே விடுதியாகிவிடும்.

ஏற்காட்டு மலைக்கிராமங்களிலிருந்து கீழே வந்து படிக்கிறவர்கள் விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதம். ரோட்டிலிருந்து உள்ளே நடந்து போகிற ஊர்களும் அங்கே உண்டு, ராத்திரி மூச்சு வாங்கினால் வண்டி வருவதற்குள் விடிந்துவிடும். அவர்களைக் காய்ச்சல் இறங்கும்வரை சேலத்திலேயே வைத்துப் பார்ப்பதுதான் சரி. தினம் இரண்டு தடவை வீடியோ காலில் முகத்தைக் காட்டிவிடுகிறோம்.

22. யாருக்குத் தகவல் சொல்லணும்? சொன்னா பேப்பர்ல வந்துடாதா?

ஒரே தளத்திலோ ஒரே வகுப்பிலோ மூன்று நாளுக்குள் மூன்று பேர் என்றால் சொல்லிவிடுங்கள், இது என் கணக்கு. மாநகராட்சி எல்லைக்குள், அதாவது சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி மண்டலங்களில் இருந்தால் மாநகர நல அலுவலர் அலுவலகம். வெளியே இருந்தால் அந்தப் பகுதி ஆரம்ப சுகாதார நிலையம். அவர்கள் வந்தால் முகாம் போடுவார்கள், மாதிரி எடுப்பார்கள், மருந்தும் கிடைக்கும்.

மறைத்தால்தான் பேப்பரில் வரும். முப்பது பேர் ஒரே நாளில் ஆஸ்பத்திரிக்குப் போனால் நிருபருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

23. எல்லாத்தையும் தடுக்க முடியாதுன்னு நீங்களே சொல்றீங்க, அப்புறம் எதுக்கு இவ்வளவு பாடு?

பருவகால ஃப்ளூவில் ஒருவர் சராசரியாக 1.3 பேருக்குப் பரப்புகிறார் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். தட்டம்மையோடு ஒப்பிட்டால் இது ரொம்பக் குறைவு. பரவக்கூடிய நாலு சந்தர்ப்பத்தில் ஒன்றை வெட்டினாலே அந்த எண் ஒன்றுக்குக் கீழே வந்து தொற்று தானாக அடங்க ஆரம்பிக்கும். விடுதியில் நெருக்கம் அதிகம், எண்ணும் கூடும், ஆனால் கணக்கு அதேதான். முதல் நாளே சொல்வது, திறந்த ஜன்னல், பாதிப் பேருக்கு ஊசி, ஒவ்வொன்றும் கொஞ்சம் வெட்டுகிறது.

24. எத்தனை பேருக்கு வந்தா காலேஜை மூடணும்?

எண் எதுவும் கிடையாது. 2023 மார்ச்சில் புதுச்சேரியில் எட்டாம் வகுப்பு வரை பள்ளிகளுக்குப் பத்து நாள் போல விடுமுறை விட்டார்கள், அது சின்னப் பிள்ளைகள் விஷயம். கல்லூரியை மூடினால் மாணவர்கள் வீட்டில் உட்காரவா போகிறார்கள்? பாதிப் பேர் பஸ்ஸேறி பத்து மாவட்டத்துக்குப் பரவுவார்கள், மீதிப் பேர் சினிமாவுக்குப் போவார்கள். வகுப்பெடுக்கவும் சமைக்கவும் ஆளில்லாத நிலை வந்தாலோ, சுகாதார அலுவலர் சொன்னாலோ மூடலாம். அதற்கு முன் கலை விழா, விளையாட்டு விழா, ஆடிட்டோரியக் கூட்டம் இவற்றைத் தள்ளிப்போடுங்கள், அது பெரும்பாலும் போதும்.

மூடுவதைவிடத் திறக்கும் நாளைத்தான் நான் பார்த்துக்கொண்டிருப்பேன். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா, தீபாவளி, பொங்கல் முடிந்து எல்லோரும் கூட்ட நெரிசலில் வந்திறங்குகிற நாள். அன்றைக்கு நுழைவாயிலில் "காய்ச்சல் இருக்கா" என்று ஒரு கேள்வி, அதிலிருந்து நாலு நாள் நோட்டில் கூடுதல் கவனம்.

25. செமஸ்டர் பிராக்டிகல் அன்னிக்கே காய்ச்சல் வந்தா என்ன பண்றது?

முந்தின நாளே சொல்லிவிட்டால் பெரும்பாலும் வேறு பேட்ச்சுக்கு மாற்றிவிட முடியும், வெளித் தேர்வாளர் இருக்கும் கடைசி நாள் வரை. அதற்காகத்தான் அட்டவணையில் கடைசி அரைநாளைக் காலியாக விடச் சொல்கிறேன், கேட்கிற துறையும் உண்டு, கேட்காததும் உண்டு. எழுத்துத் தேர்வை மாற்ற முடியாது. எழுதியே ஆக வேண்டும் என்று மாணவன் நினைத்தால், நடக்கத் தெம்பு இருந்தால், ஜன்னலோரம் தனி அறையில் முகக்கவசத்தோடு எழுத அனுமதிக்க முடியுமா என்று தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மூச்சு வாங்கினால் தேர்வு இல்லை, 12ஆம் கேள்விதான்.

26. காய்ச்சல் போயிடுச்சு, இருமல் மட்டும் ரெண்டு வாரமா நிக்கல. இன்னும் பரப்பிக்கிட்டு இருக்கேனா?

பெரும்பாலும் இல்லை. காய்ச்சல் விட்டு ஒரு வாரம் தாண்டியிருந்தால் அது தொண்டையும் மூச்சுக்குழலும் ஆறுகிற இருமல். வெந்நீர் குடியுங்கள், இரவில் தலையணையை உயர்த்திக்கொள்ளுங்கள், சிகரெட் பக்கம் போகாதீர்கள். மூன்று வாரம் தாண்டினாலோ, எடை குறைந்தாலோ, ராத்திரி வியர்த்தாலோ, மாலையில் கணகணப்பு வந்தாலோ அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அது காசநோய்க்கானது, இலவசம்.